பிரசவத்தோடு முடியவில்லை
'கருவைக் காக்கச் சொல்பவர்களின் அக்கறை பிரசவ வார்டு வாசலோடு முடிந்துவிடுகிறது' என்று கருக்கலைப்பை எதிர்ப்பவர்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெங்களூரு சிவாஜிநகரில் எங்கள் பாட்டி இருந்தவரை நாங்கள் கண்டது வேறு. தூய மரியன்னை பசிலிக்காவில் காலைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். கையில் ஜெபமாலை, தோளில் பை. பைக்குள் வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு, பழைய வாயில் புடவையைக் கிழித்து ஓரம் தைத்த குழந்தைத் துணிகள். கணவன் கைவிட்ட ஒரு பெண் ஏழாம் மாதத்தில் வந்து நின்றபோது எங்கள் கூடத்திலேயே தங்கவைத்தார்; கர்ப்பிணிகளுக்குக் கர்நாடக அரசு தரும் தாயி கார்டுக்கு அவளோடு வரிசையில் நின்றதும் அவர்தான். பிள்ளை பிறந்ததும் 'என்னால வளர்க்க முடியாது பாட்டி' என்று அழுதவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, வளர்க்க முடியாத பிள்ளைகளைச் சட்டப்படி ஒப்படைக்கும் இடமான குழந்தைகள் நலக் குழுவுக்குக் கூட்டிப்போனார். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒப்படைத்த தாய் மறுபடி யோசிக்க 2 மாத அவகாசம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 50-ஆவது நாள் அவள் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் 'இவர்கள் பெண்களைக் குற்றவாளியாக்குகிறார்கள்' என்கிறார். அப்படிச் செய்பவர்களும் உண்டு, எங்கள் கோவில் பங்கு மக்களிடையிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கருவைக் கலைத்துவிட்டு வந்த பெண்ணுக்கும் பாட்டி பூண்டுக் கஞ்சி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்துத்தான் அனுப்பினார்.