மங்கலான பின்னணியில் ஒரு பல்பு

நேற்று ஒரு தம்பி தன் குறும்படத்திலிருந்து ஒரு ஷாட் அனுப்பியிருந்தார். "பிளர் போட்டிருக்கேன் அண்ணா, ஆனா லென்ஸ்ல எடுத்த மாதிரி வரவே மாட்டேங்குது." இரவு நேரம், டீக்கடை, முன்னால் நாயகி, பின்னால் சீரியல் பல்புகள். மொபைலில் எடுத்ததால் எல்லாமே துல்லியம். பின்னணிக்குக் காஸியன் பிளர், அதாவது படத்தை மங்கலாக்கும் வழக்கமான எஃபெக்ட், கொடுத்திருந்தார். பல்புகள் சாம்பலில் புரட்டிய பஞ்சு போலக் கிடந்தன. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபோகஸ் தவறிய ஒளிப்புள்ளி லென்ஸில் கரைந்துபோவதில்லை, விரிகிறது. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரின் வடிவத்தை வாங்கிக்கொண்டு ஒரு தட்டாகிறது. தட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெளிச்சம், விளிம்பு பளிச்சென்று முடியும். காஸியனோ நடுவில் அடர்ந்து ஓரத்தில் தேய்ந்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் கேமரா லென்ஸ் பிளர், நியூக் மென்பொருளில் இசட்-டிஃபோகஸ் எல்லாம் இதற்காகவே இருக்கின்றன.

ஆனால் எஃபெக்டை மாற்றினால் மட்டும் போதாது. எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண், 0 கறுப்பு, 255 வெள்ளை. அதில் பாதியான 128, வெளிச்சக் கணக்கில் சுமார் 22 சதவீதம்தான். கறுப்பையும் வெள்ளையையும் சரிபாதி கலந்தால் பாதி வெளிச்சம், அதாவது 188 வர வேண்டும். நம் மென்பொருள் எண்களை அப்படியே கூட்டி வகுத்து 128 என்கிறது. பல்பு செத்துப்போவது இங்கேதான். ப்ராஜெக்டை 32 பிட்டுக்கு மாற்றி, லீனியரில், அதாவது எண்கள் நிஜ வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் முறையில், பிளர் போடுங்கள். இன்னொன்று, நிஜ பல்பு சுவரைவிடப் பல மடங்கு வெளிச்சம். மொபைல் அதை 255-லேயே வெட்டிவிட்டது. அதனால் பல்புகளை மட்டும் தனியே பிடித்து, பிளருக்கு முன்பே பல மடங்கு ஏற்ற வேண்டும். தம்பியின் ஷாட்டில் இதை மட்டும் செய்து பார்த்தேன். ஒவ்வொரு பல்பும் தட்டுத் தட்டாக மலர்ந்தது. எத்தனை வருடம் இந்த வேலை செய்தாலும் அந்த நொடி எனக்குச் சந்தோஷம்தான்.

எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் டெப்த் மேப் வரைபவர்களுக்கு ஒரு கணக்கு. 50 எம்எம் லென்ஸ், அப்பெர்ச்சர் எஃப் 2, ஃபோகஸ் 2 மீட்டரில். 4 மீட்டரில் உள்ள பல்பின் தட்டு சென்சாரில் சுமார் 0.32 மில்லிமீட்டர். எவ்வளவு தூரம் போனாலும் 0.64-ஐத் தாண்டாது. ஆனால் முன்பக்கம் 1 மீட்டருக்கு வந்தாலே அந்த 0.64 வந்துவிடும். தூரம் கூடக் கூடப் பிளரையும் ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போகிற ஷாட்டுகள் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

எனக்குப் பெரிய வருத்தம் தலைமுடி ஓரம். ஆளைப் பின்னணியிலிருந்து அழிக்காமலே பிளர் போடுகிறோம். ஆளின் நிறம் பின்னால் வழிந்து, தலையைச் சுற்றி ஒளிவட்டம் நிற்கிறது. எந்த பிளக்-இன்னும் இதை முழுதாகத் தீர்க்காது, ஏனென்றால் ஆளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஷூட்டிங்கிலேயே, ட்ரைபாடை அசைக்காமல், ஆள் இல்லாத வெறும் பின்னணியைப் பத்து விநாடி எடுத்துவையுங்கள். எடிட் டேபிளில் இரண்டு இரவு மிச்சமாகும். கடைசியாக, பிளர் அழித்த கிரெயினை, அதாவது படத்தில் இருந்த பொடிப் புள்ளிகளை, திரும்பப் போட மறக்காதீர்கள்.

ட்ரைபாட் நின்ற இடம் தம்பிக்கு நினைவிருக்கிறதாம். இன்றிரவு நாயகி இல்லாமல் அதே டீக்கடையை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சீரியல் பல்புகளை இன்னும் கழற்றவில்லை என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.