மிஞ்சிக் கிடக்கவில்லை அண்ணே

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். "இந்தியாவுல அரசாங்கக் கிடங்குல கோதுமை மிஞ்சிக் கிடக்குது, வெளிநாட்டுக்கு வித்தா என்ன? இங்க மலேசியாவுல நமக்கும் ஆட்டா மலிவாக் கிடைக்கும்" என்றார் அந்த அண்ணன். நான் மறுத்துப் பேசியதும், "தோட்டத்துப் பிள்ளைக்கு வியாபாரம் எங்க தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

மிஞ்சிக் கிடக்கவில்லை அண்ணே. முன்பும் உபரி என்றார்கள், மக்களால் வாங்க முடியாமல் கிடந்ததுதான் அது.

2000-இல் அங்கே வறுமைக்கோட்டுக்கு மேலே என்று எழுதிவைத்த குடும்பங்களுக்கு ரேஷன் விலையை ஏற்றினார்கள். அவர்கள் வாங்குவதை விட்டார்கள். 2002-இல் அரிசியும் கோதுமையுமாக 6 கோடி டன்னுக்கு மேல் தேங்கியது. அதைத்தான் உபரி என்று சொல்லி, ஏழைக்குக் கொடுக்கும் சலுகை விலைக்கே ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்தார்கள். 2001-இல் ஒரிசா காசிப்பூரில் மாங்கொட்டைக் கஞ்சி குடித்து மக்கள் செத்தார்கள். அதே நாடு 2006-இல் 50 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமையை இறக்குமதி செய்தது. எங்கே போனது உபரி?

எங்கள் ரப்பர் தோட்டக் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டை கூரை வரைக்கும் இருக்கும். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை. கடனும் கிடையாது என்றார் கடைக்காரர். அம்மா மரவள்ளி அவித்துக் கொடுத்தார். ஏழு வயதில், அந்த மூட்டைகளைக் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

அழுகிப் போவதை விற்கலாமே என்பீர்கள். அழுகவிடாமல் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று அங்கே உச்ச நீதிமன்றமே 2010-இல் சொல்லிவிட்டது.

மலேசியாவில் கோதுமை விளையாது, நீயும் இறக்குமதி மாவில்தானே ரொட்டி சானாய் சாப்பிடுகிறாய் என்பீர்கள். ஆமாம், சாப்பிடுகிறேன். விவசாயி தன் கோதுமையை எங்கே விற்றாலும் எனக்குச் சந்தோஷம். மக்கள் பணத்தில் வாங்கி மக்களுக்கென்று வைத்ததைத்தான் சொல்கிறேன். 2022 மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது, பிறகு ஆட்டாவுக்கும் கட்டுப்பாடு வந்தது. என் மனைவிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), இரவில் சப்பாத்திதான். சுங்கை சிப்புட்டில் நானும் கடை கடையாக அலைந்தேன். அப்போதும் அங்கே பசித்தவன் முதலில் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தேன்.

நீங்களும் அதே தோட்ட லய வீடுகளில் பிறந்தவர் அண்ணே. உங்கள் அம்மாவும் என் அம்மாவும் அந்தக் கடை வாசலில் ஒன்றாக நின்றவர்கள். அதை எப்படி மறந்தீர்கள்? நீங்கள் சிரித்ததுதான் எனக்கு வலிக்கிறது, மற்றவர்கள் சிரித்தது இல்லை.

வருகிற வெள்ளி மண்டபத்துக்கு வருவேன். இதையே திரும்பச் சொல்வேன்.