விலை என்ன என்று கேட்டால் மாசம் எவ்வளவு என்கிறார்கள்

கார் என்ன விலை என்று கேட்டேன். "மாசம் எவ்வளவு கட்டுவீங்க சார்?" என்று திருப்பிக் கேட்டான் அந்தத் தம்பி. தக்காளி கிலோ என்ன விலை என்றால் உன் சம்பளம் எவ்வளவு என்று எந்தக் கடைக்காரராவது கேட்பாரா? ஓசூர் ரோடு, ஓல்டு மெட்ராஸ் ரோடு என்று மூன்று ஷோரூம் ஏறி இறங்கி நான்கு சனிக்கிழமை போச்சு. மூன்றிலும் முதல் கேள்வி இதுதான்.

நாங்கள் பெங்களூரில், அல்சூரில் இருக்கிறோம். பத்து வருஷமாக ஸ்கூட்டர்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஸ்கூட்டரில் ஏற முடியவில்லை, ஆட்டோக்காரர் மீட்டர் போட மாட்டார், ஆப்பில் புக் செய்தால் இரண்டு பேர் கேன்சல் செய்து மூன்றாவது ஆள் வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார். சரி, கடன் போட்டாவது ஒரு கார் எடுத்துவிடலாம் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாவது ஷோரூமில் அந்தத் தம்பி இந்தியில் ஆரம்பித்தான். நான் கன்னடத்தில் பதில் சொன்னதும் கன்னடத்துக்கு மாறினான். என் மனைவி என் காதில் "ரொம்ப ஜாஸ்தியா சொல்றாங்களே" என்று முணுமுணுத்தது அவன் காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான், முகமெல்லாம் பல். "அண்ணா நீங்க தமிழா? நான் தர்மபுரிண்ணா! முதல்லயே சொல்லக்கூடாதா?" அதோடு 'சார்' போய் 'அண்ணா' வந்தது, என் மனைவி அண்ணி ஆகிவிட்டாள். உறவுமுறை எல்லாம் வந்தது, விலையில்தான் ஒரு ரூபாய் இறங்கவில்லை.

நான் பார்த்து வைத்திருந்த வண்டி எக்ஸ் ஷோரூம், அதாவது ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேர்க்காத விலை, 9,40,000. "அண்ணிக்கு சன்ரூஃப் பிடிச்சிருக்கு பாருங்கண்ணா" என்றான். (அவள் வாயே திறக்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையில் இருந்த அந்தத் திறக்கும் கண்ணாடியைப் பார்த்தாள், அதற்கே இந்தப் பேச்சு.) அந்த வேரியண்ட் 10,15,000. "75,000தான் வித்தியாசம். ஏழு வருஷம் போட்டா மாசம் 1,250 கூட வராது, குடும்பத்தோட ஒரு தடவை பிரியாணி சாப்பிடுற காசுண்ணா." பிரியாணியை ஏழு வருஷமா சாப்பிடுவார்கள்?

அவன் சொல்லாமல் விட்டதை நான் போனில் கணக்குப் போட்டேன். கர்நாடகாவில் காருக்கு ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 14 சதவீதம், அதைத் தாண்டினால் 17. அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் வேறு. 9,40,000-க்கு வரி 1,46,076 என்றால் 10,15,000-க்கு 1,91,530. போதாததற்கு 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ், விற்கிறவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி, அது 10,150. டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் இன்றைக்குக் கையை விட்டுப் போவது போவதுதானே. ஆக 75,000 ரூபாய்க் கண்ணாடி 1,30,000-ஐத் தாண்டிவிட்டது. காட்டினேன். "டேக்ஸ் எல்லாம் கவர்மெண்ட்டுக்குண்ணா, நாங்க என்ன பண்ண முடியும்" என்றான். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது அதைத் திறந்து மெட்ரோ தூணை அண்ணாந்து பார்க்கவா இவ்வளவும்?

(ஓசூர் மாமா இதைக் கேட்டுவிட்டு, "எங்க அட்ரஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிடு மாப்ளே" என்றார். தமிழ்நாட்டிலும் 2023-இல் வரியை ஏற்றியாச்சு. தினமும் பெங்களூரில் டிஎன் நம்பரோடு ஓட்டி ஆர்டிஓவிடம் மாட்டுவது தனிக் கதை.)

டிஸ்கவுண்ட் கேட்டேன். "ஜிஎஸ்டியே குறைஞ்சிடுச்சே அண்ணா, அதுக்கு மேலயா?" 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்தது அரசாங்கம். தம்பி ஏதோ சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி பேசுகிறான். எது கேட்டாலும் "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்ணா" என்று கண்ணாடி அறைக்குள் போவான். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள், மேனேஜர் டீயை முடித்தார், தம்பி வெளியே வரும்போது மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ரொம்பப் போராடிட்டேன்ணா, 5,000 வாங்கிக் கொடுத்திருக்கேன்."

அந்த 5,000 எங்கே போனது என்று கொட்டேஷனைப் பார்த்தால் தெரியும். 'எசென்ஷியல் கிட்' 9,200. என்னப்பா அது என்றால் நாலு மேட், நாலு மட்ஃப்ளாப், ஒரு கீசெயின், டேஷ்போர்டில் ஒட்ட ஒரு பிள்ளையார். அதன் கீழே 'ஹேண்ட்லிங்' 7,500. விற்கிற வண்டியை கோடவுனிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டி வர வாங்குகிறவன் காசு கொடுக்க வேண்டுமாம்.

அப்புறம் இன்சூரன்ஸ். தாளில் 56,000 போட்டிருந்தது. அதே கம்பெனி, அதே ஐடிவி (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), ஒரு வருஷம் நம் வண்டி டேமேஜுக்கு, மூன்று வருஷம் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் உட்பட ஆன்லைனில் 37,500. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காதுண்ணா" என்று பயம் காட்டினான். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஏற்பாடு, பாலிசியை யார் விற்றார்கள் என்பதில் ஒன்றும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்றேன். "தாராளமா எடுங்கண்ணா, டிஸ்கவுண்ட் மட்டும் வராது." இதற்குப் பெயர் கட்டாயம் இல்லையாம்.

ஆனால் வயிறு எரிந்தது கடன் கணக்கில்தான். "வெறும் 5.5 சதவீதம்ணா, எந்த பேங்க்லயும் கிடைக்காது." என் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்க்கில் 9 சொல்லியிருந்தார்கள். 8 லட்சம், ஐந்து வருஷம், அவன் கணக்கில் மாசம் 17,000. பேங்க் சொன்னதோ 16,607. எனக்குத் தலை சுற்றியது, 5.5 எப்படி 9-ஐ விட அதிகமாகும்? வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாதான், வருஷக்கணக்காகச் சீட்டு நடத்தியவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார், "அசல் குறையக் குறைய வட்டியைக் குறைக்கிறானா இல்லையா?" அதேதான். அவன் சொன்னது ஃப்ளாட் வட்டி. ஐந்தாம் வருஷம் நான் முக்கால்வாசிக்கு மேல் அடைத்த பிறகும் முழு 8 லட்சத்துக்கே வட்டி போடுவான். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 5.5 ஏறக்குறைய 10 சதவீதம். அந்த 10 சதவீதத்திலேயே ஏழு வருஷமாக நீட்டினால் இஎம்ஐ 13,281-க்கு இறங்கும், மொத்த வட்டி சுமார் 95,000 கூடும். பிரியாணிக் காசு!

2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி, கடன் வாங்குகிறவரிடம் எல்லாச் செலவும் சேர்த்த வருஷ விகிதத்தை ஒரே தாளில் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைக் கொடு என்றேன். "சைன் பண்ணுங்கண்ணா, அப்புறம் மெயில்ல வரும்." கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு எதற்கய்யா அது?

என் பேங்க்கிலேயே கடன் வாங்குகிறேன், முழுப் பணமும் ஒரே செக்காக வரும் என்று சொன்னதும் தம்பி முகம் மாறியது. அந்த 5,000-ஐயும் சேர்த்து 25,000 என்று எழுதியிருந்த டிஸ்கவுண்டை அதே பேனாவால் அடித்துவிட்டு 10,000 என்று எழுதினான். அவர்கள் கைகாட்டும் இடத்தில் கடன் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன், இல்லையென்றால் அதை என் தலையில் கட்டுகிறார்கள். மொத்தப் பணமும் தருகிறவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்றால் இது என்ன வியாபாரம்?

வேண்டாம் என்று எழுந்தேன். அங்கே கட்டியிருந்த புக்கிங் பணம் 11,000 திரும்பி வர பத்து வேலை நாள் என்றார்கள். இன்றோடு 23 நாள். போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று ராத்திரி மட்டும் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, கம்பெனியிலிருந்து ஃபீட்பேக் கால் வரும், தயவு செய்து 10-க்கு 10 கொடுங்க, 9 கொடுத்தாலும் என் இன்சென்டிவ் போயிடும். அண்ணியைக் கேட்டதா சொல்லுங்க."