கருவியின் பெயரோடு, அது எங்கே மாட்டிக்கொள்ளும் என்றும் சொல்லுங்கள்

நேற்று சுற்றிக்கொண்டிருந்த அந்த 'லினக்ஸுக்கு நாற்பது கருவிகள்' பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பட்டியல் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. கீழே ஒருவர், போனையும் கணினியையும் இணைக்கும் கருவியைப் பற்றி, "கேடிஇ கனெக்ட் போட்டுட்டேன், கணினியில என் போனே தெரியலையே" என்று கேட்டார். வந்த பதில்: "இதுகூட முடியலைன்னா விண்டோஸுக்கே போயிடுங்க." அதற்குச் சிரிப்புக் குறிகள் வேறு. கொஞ்ச நேரத்தில் அவர் கேள்வியை அழித்துவிட்டுப் போய்விட்டார். மனசு ஆறவே இல்லை.

ஒரு கருவியைப் போடச் சொல்கிறவர், அது எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அது தெரியாது என்றால் பரிந்துரைக்காமல் இருப்பதே நல்லது.

அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் விவரங்களைக் காட்டும் நியோஃபெட்ச் இருக்கிறது. அதன் மூலநிரல் களஞ்சியத்தை 2024 ஏப்ரலிலேயே பூட்டிவிட்டார்கள்; இன்று போட வேண்டியது ஃபாஸ்ட்ஃபெட்ச். இரவில் திரையின் நீலத்தைக் குறைக்க ரெட்ஷிஃப்ட்டாம். வேலண்டில் (லினக்ஸில் திரைக் காட்சியைக் கையாளும் புதிய அமைப்பு; பழையது எக்ஸ்11) அது வேலை செய்யாது. க்னோம் டெஸ்க்டாப்பிலோ 2017-லிருந்தே நைட் லைட் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, எதையும் போட வேண்டாம்.

ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஃபிளேம்ஷாட். நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் வேலண்டில் பொதுவாக எந்தச் செயலியும் தன் இஷ்டத்துக்குத் திரையைப் படமெடுக்க முடியாது, போர்ட்டல் என்ற இடைவழி மூலம் அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் சிலருக்குக் கறுப்புப் படம் வருகிறது, இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அளவு குளறுகிறது. பரிந்துரைப்பவர் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எக்ஸ்11-ஆ, வேலண்டா? க்னோம் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதிக்குப் போய் (புதிய பதிப்புகளில் அதற்குள் 'சிஸ்டம் டீட்டெய்ல்ஸ்') 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். க்னோம் 42-லிருந்து பிரின்ட் ஸ்க்ரீன் விசையை அழுத்தினாலே பகுதி, ஜன்னல், முழுத்திரை, வீடியோ எல்லாம் கிடைக்கிறது. கேடிஇ டெஸ்க்டாப்பில் ஸ்பெக்டக்கிள் என்ற ஸ்க்ரீன்ஷாட் கருவி கூடவே வருகிறது. பலருக்கு இதுவே போதும்.

பயமே வந்தது ஒரு வரியைப் பார்த்துத்தான்: "டைம்ஷிஃப்ட் போட்டால் பேக்கப் கவலை இல்லை." தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது சிஸ்டத்தை. ஓர் அப்டேட் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பத்தான் அது. ஹோம் ஃபோல்டரை, அதாவது உங்கள் போட்டோக்களையும் ஆவணங்களையும், நாமாகச் சேர்க்காத வரை அது தொடுவதே இல்லை. சேர்க்கவும் கூடாது, சேர்த்தால், சிஸ்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது நேற்று எழுதியதும் பின்னுக்குப் போய்விடும். இன்னொன்று, டைம்ஷிஃப்டின் பிடிஆர்எஃப்எஸ் முறைக்கு (அந்தப் பெயருள்ள ஃபைல் சிஸ்டத்துக்கானது) '@', '@ஹோம்' என்ற பெயரில் சப்வால்யூம்கள், அதாவது உட்பிரிவுகள், வேண்டும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அப்படியே நிறுவினால் அவற்றின் பெயர் 'ரூட்', 'ஹோம்'. அதனால் அந்த முறை அங்கே ஓடாமல் போகலாம். இதில் ஒரு வார்த்தைகூட அந்தப் பட்டியலில் இல்லை. நம்பிப் போட்டவரின் டிஸ்க் செத்துப்போனால் யார் பதில் சொல்வது?

உங்கள் ஃபைல்களுக்கு டேஜா டூப் அல்லது பிக்கா பேக்கப். சேமிப்பது வெளி டிஸ்கில். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் அதைத் தனியாக எழுதி வையுங்கள், தொலைந்தால் மீட்க வழியே இல்லை. முதல் பேக்கப் முடிந்ததும் ஒரே ஒரு ஃபைலை வேறிடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகுதான் பேக்கப் இருக்கிறது என்று நம்பலாம்.

"தேடினா கிடைக்குமே, எல்லாத்தையும் ஊட்டி விடணுமா?" என்று வருவீர்கள், தெரியும். எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவது? ஃபைல் தேட 'எஃப்டி' (fd) அருமை என்று எழுதியிருக்கிறது. உபுண்டுவில் அதை நிறுவிவிட்டு அந்தப் பெயரை டைப் செய்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று வரும். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொன்று எடுத்துக்கொண்டதால் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அது 'எஃப்டிஃபைண்ட்' (fdfind). அதேபோல ஃபைலில் இருப்பதைக் காட்டும் 'பேட்' (bat) அங்கே 'பேட்கேட்' (batcat). புதிதாக வந்தவர் தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பாரா, பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பாரா? அரை வரி எழுதியிருந்தால் அவருடைய ஒரு மணி நேரம் மிச்சம்.

"நேரமில்லை" என்பது நியாயம்தான். அப்படியானால் நாற்பதை விடுங்கள், மூன்றைப் பற்றி எழுதுங்கள். "டெர்மினல் (கமாண்டுகளை டைப் செய்யும் திரை) கத்துக்கட்டும்" என்பதற்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இன்று இல்லை.

நமக்கும் ஒரு நாள் ஒன்றும் தெரியாமல்தானே இருந்தது? யாரோ முகம் தெரியாதவர் உட்கார்ந்து விளக்கமாக எழுதி வைத்ததைப் படித்துத்தானே வந்தோம்? வாசலில் நின்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வியை அழித்துவிட்டுப் போன நண்பருக்கு: போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கெஸ்ட் வைஃபை வேண்டாம். அதில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருப்பது வழக்கம். இரண்டிலும் விபிஎன்னை நிறுத்துங்கள். கணினியில் ஃபயர்வால் (நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் காவல்) ஓடினால் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை, அதாவது தொடர்பு வாசல்களை, திறந்துவிடுங்கள், டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகைத் தொடர்புக்கும். யுடிபியை விட்டுவிட்டால் போன் கண்ணில் படாது. பலரும் சறுக்குவது இங்கேதான். க்னோமில் அதே வேலையைச் செய்யும் ஜிஎஸ்கனெக்ட் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் கணினியிலிருந்து கேடிஇ கனெக்டை எடுத்துவிடுங்கள், இரண்டும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும். அதற்கும் தெரியவில்லை என்றால், போன் ஆப்பின் மெனுவில் ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கணினியின் முகவரியை அங்கே போடுங்கள். அப்புறமும் வராவிட்டால் இங்கேயே கேளுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.