உப்புக் காற்றுக்கு டூர்பியோன் போதாது

டூர்பியோன் (கடிகாரத்தின் துடிப்புப் பகுதியைச் சுழற்றும் கூண்டு), சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங் (மயிரிழை போன்ற சுருள்வில்), டைட்டானியம் கூடு மூன்றும் சேர்ந்த கைக்கடிகாரத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் பாராட்டு முழுவதும் டூர்பியோனுக்கே போய்விட்டது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே 1801-இல் டூர்பியோனுக்குக் காப்புரிமை பெற்ற காலம் சட்டைப்பைக் கடிகாரங்களின் காலம். பைக்குள் கடிகாரம் நாள் முழுக்க நின்றவாக்கில் இருக்கும். நேரத்தைச் சீராக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தில் சிறு எடைப் பிசகு இருந்தாலும் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்து நேரம் தப்பும். அதனால் அந்தச் சக்கரம் உள்ள தொகுதியையே கூண்டில் வைத்துச் சுழல விட்டார். கைக்கடிகாரமோ கையோடு சேர்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிறது. அப்புறம் டூர்பியோனால் பயன் கொஞ்சம்தான், வேலைப்பாடு மட்டும் அபாரம்.

என்னைக் கேட்டால் பெரிய விஷயம் சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங்தான். துருப்பிடிக்காது, காந்தம் பாதிக்காது. என்ன, உடைந்தால் மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்த முடியாது.

கடலோர ஊரான கீழக்கரையில் கடிகாரம் பழுது பார்க்கிறேன். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் விலை உயர்ந்த கடிகாரங்களைக் கொண்டுவருவார்கள். சாவியில் (கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழ்) நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும். சாவியை உருவினால் அதோடு உள்ளே போகும் தண்டின் கழுத்தில் செம்பழுப்புப் பொடி அப்பியிருக்கும், கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் பூத்திருக்கும். டைட்டானியம் கூட்டைக் கடல் ஒன்றும் செய்யாது, சரி. உள்ளே தண்டும் திருகுகளும் பெரும்பாலும் எஃகுதானே? கடலோரத்தில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது அந்த வளையத்தையும் நீர் புகாத தன்மையையும் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரையில் இதைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.