ஹப் பொருத்தினால் இணைய வேகம் கூடாது

"பழைய ஹப் ஒன்றை ரவுட்டருடன் இணைத்தால் ஒவ்வொரு கணினிக்கும் முழு வேகம் தனித்தனியாகக் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது.

ஹப் என்பது ஒரு போர்ட்டில் (கம்பி செருகும் துளையில்) வரும் மின் சமிக்ஞையை அப்படியே மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் திருப்பி அனுப்பும் கருவி மட்டுமே. தகவல் யாருக்கு உரியது என்பதை அது பார்ப்பதே இல்லை. ஒரே நேரத்தில் இரு கணினிகள் அனுப்பினால் சமிக்ஞைகள் மோதிச் சிதைகின்றன, இரண்டும் சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேக ஹப்பில் எட்டுக் கணினிகள் இருந்தால், அந்த 100-ஐத்தான் எட்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவருக்கு வரும் தகவல் மற்ற ஏழு கணினிகளையும் எட்டுகிறது என்பது, என் பார்வையில், வேகக் குறைவை விடக் கவலைக்குரியது.

ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் (அதன் வலையமைப்பு அட்டைக்குரிய அடையாள எண்ணையும்) அறிந்து உரிய போர்ட்டுக்கு மட்டும் தகவலை அனுப்புவது சுவிட்ச் என்ற வேறொரு கருவி. கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட் முறைக்கான ஐஇஇஇ 802.3 தரநிலையும் புதிய வலையமைப்புகளில் ஹப்பைப் பரிந்துரைப்பதில்லை. வலையமைப்பில் ஓடும் தகவலைக் கண்காணித்துப் பழுது பார்ப்பதற்கு மட்டும் சிலர் இன்னும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஐயமிருப்பவர்கள் லினக்ஸ் கணினியில், வலையமைப்பு இணைப்பின் நிலையைக் காட்டும் எத்டூல் (ethtool) கட்டளையை இயக்கிப் பார்க்கலாம்: ஹப்பில் இணைந்திருந்தால் டூப்ளெக்ஸ் (Duplex) என்ற வரியில் 'ஹாஃப்' (Half), அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியாது, என்றே காட்டும். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.