வெறும் 169 வெற்றியா?

பேஸ்பால் பந்து வீச்சாளர் ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் பெயரை எடுத்தாலே, "வெறும் 169 வெற்றிதானே, அவருக்கு எதற்கு ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பெருவீரர் கௌரவம்?" என்று யாராவது தொடங்கிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேஸ்பாலில் அணி வென்றால்தான் அந்த வெற்றி ஒரு பந்து வீச்சாளர் பெயரில் எழுதப்படும்; அணி ரன் எடுக்காவிட்டால் அவருக்கும் வெற்றி இல்லை.

2010-இல் ஏறத்தாழ 250 இன்னிங்ஸ் பந்து வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கில் ஏறியது சராசரியாக வெறும் 2.27 ரன். கிடைத்ததோ 13 வெற்றி, 12 தோல்வி! அந்த ஆண்டு அவருடைய அணியான சியாட்டில் மரைனர்ஸ் 162 ஆட்டங்களில் எடுத்ததே 513 ரன்தான். மட்டை பிடித்தவர்கள் கைவிட்டதற்குப் பந்து வீசியவர் தலையிலா பழி? நல்லவேளை, சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்து அவருக்கே கொடுத்தார்கள்.

2005 முதல் 2019 வரை அந்த ஓர் அணிக்காகவே தோளைத் தேய்த்தார். பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் ஓர் ஆட்டத்தில்கூட அவரைப் பந்து வீச வைக்கத் துப்பில்லாத அணியை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை.